நீ பார்த்தது ஃபேன் மட்டும்

புதுவாயல்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பின் பென்னிக்கு,

சின்னு நன்றாக இருக்கிறான். இதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்க மாட்டாய், அதனால் எழுதிவிட்டேன். காலையில் சர்ச்சுக்குப் போகும் முன் ஒரு முழு இட்லி சாப்பிட்டான். பாட்டு பாடும்போது எல்லோருக்கும் மேலே சத்தம் போட்டான். இப்போது தூங்குகிறான். நானும் சுகம், விக்டோரியா அண்ணியும் சுகம். கர்த்தர் அந்த கல்ஃப் வெயிலிலும் தூசியிலும் உன்னையும் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீயாக எதுவும் சொல்வதில்லையே.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் பண்ணினால் சிக்னல் இல்லை என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். அதுவும் ஷாஹுல் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிற கடிதம். நீ கடைசி வரி வரைக்கும் படித்த பிறகுதான் இறால் ஊறுகாய் பாட்டிலைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உன் ரூம்மேட்டாக இருக்கலாம், ஆனால் எங்கள் பழவேற்காட்டுக்காரர், என் பேச்சைத்தான் கேட்பார்.

அண்ணி உன் அக்கா ஆயிற்றே, அவர்கள் எதிரில் உன்னை வாங்க போங்க என்பேன். கடிதத்தில் எப்போதும்போல நீதான். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி, அதையாவது வாயைத் திறந்து சொல்.

நேற்று ஷாஹுல் அண்ணனும் ரமீஸாவும் வந்திருந்தார்கள். புதன்கிழமை ஃப்ளைட், அதற்குள் உனக்கு ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டுமா என்று கேட்க வந்தார்கள். டீ குடித்துக்கொண்டே ஷாஹுல் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார், 'பென்னி கிறிஸ்மஸ் லீவ வேற ஆளுக்கு விட்டுக் குடுத்துட்டானே, நீ ஒண்ணும் சொல்லலியா தங்கச்சி' என்று. ரமீஸா அவர் முழங்கையைக் கிள்ளினாள். எனக்கு அப்போதுதான் தெரியும் என்பதை அவர்கள் இருவரும் என் முகத்தில் பார்த்துவிட்டார்கள். நான் சிரித்து, பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் தள்ளி வைத்தேன்.

லீவு கிடைக்கவில்லை என்றால் கம்பெனியைத் திட்டலாம். கிடைத்த லீவை விட்டுக் கொடுத்தவனை நான் என்ன சொல்லித் திட்டுவது?

ராத்திரி படுக்கும்போது அண்ணியைக் கேட்டேன். அவர்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். அண்ணிக்குப் போன் பண்ணி, 'நான் நெனச்சதாலதான் புள்ளைக்கு அப்படி ஆச்சு' என்றாயாம். புள்ளைக்கு இரண்டு வயசு ஆகிற வரைக்கும் கஞ்சியைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றாயாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாயாம். ஞானஸ்நானத்தன்று போனில் பார்த்ததுதான், அதற்கப்புறம் நீ உன் மகன் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீடியோ வேண்டாம், ஆடியோ போதும் என்று நீ சொன்னபோதெல்லாம் நெட் காசு மிச்சம் பிடிக்கிறாய் என்று நானும் மண்டு மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

பென்னி, அன்றைக்கு நடந்ததை நீ முழுதாகப் பார்க்கவில்லை. போன் மல்லாந்து விழுந்து கிடந்தது. நீ பார்த்தது நம் வீட்டு ஃபேனை மட்டும்தான். அதற்குக் கீழே என்ன நடந்தது என்று நீ கேட்கவும் இல்லை, அழுகை வரும் என்று நானும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். ஆனால் அதைச் சொல்ல நான் கேன்டீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஞாபகம் இருக்கிறதா அந்தக் கேன்டீன்? சிப்காட்டில் நம் பழைய கம்பெனியில், தகரக் கூரை போட்டது, வெயில் காலத்தில் சோறு இறக்கி வைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும். நீ ரசத்தை அவசரமாகக் குடித்துப் புரையேறி, கண்ணெல்லாம் தண்ணீர் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாய். நான் தட்டை வைத்துக்கொண்டு உன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் தம்பிக்குத் தட்டுகிற பழக்கத்தில், யார் எவர் என்று பார்க்காமல் உன் உச்சந்தலையில் தட்டி, 'யாரோ நெனக்கிறாங்க' என்று சொல்லிவிட்டேன். உன் கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? 'யாரோ இன்னா யாரோ, நீதான் நெனச்சிக்கினு வந்த' என்று ஒருவன் கத்த, கேன்டீனே சிரித்தது. நான் அன்றைக்குச் சாப்பிடாமலே லைனுக்குப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து உனக்குத் தினமும் புரையேறியது. உனக்கு நடிப்பு சுத்தமாக வராது. தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்து, அதற்கப்புறம் இருமுவாய். கம்பெனி பஸ்ஸிலும் இருமுவாய், சாப்பாடே இல்லாமல். பொன்னேரி ஸ்டேஷனில் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டு சென்னை வண்டிக்காக நின்ற அந்தச் சாயங்காலம், 'நெஜமாவே நீ நெனச்சியா' என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அந்த வண்டியை விட்டுவிட்டோம். அடுத்த வண்டியையும் விட்டோம். எனக்கு இப்போதும் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்போது வேர்க்கடலைத் தோல் வாசனை வருகிறது.

அந்த வருடம்தான் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். நந்தினி மேடம் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அது. கம்பெனி சேஃப்டி டிபார்ட்மென்டில் அவர் ஒருவர்தான் பெண், குரல் மட்டும் ஷிப்ட் சங்கு மாதிரி இருக்கும். முதலில் பெரிய பொம்மையை வைத்துப் பெரியவர்களுக்குச் செய்கிறதைச் சொன்னார். அப்புறம் பையிலிருந்து குழந்தை பொம்மையை எடுத்து, 'நாளைக்கு அப்பா அம்மா ஆகப்போறவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்க' என்றார். அத்தனை பேரும் திரும்பி நம்மைப் பார்த்தார்கள். உன்னை முன்னால் கூப்பிட்டு, இந்தப் புள்ளைக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது, என்ன செய்வாய் என்று கேட்டார். நீ பொம்மையின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாய். 'கோழி புடிக்கிற மாதிரி புடிக்காதப்பா' என்றார். நான் சிரித்த சிரிப்பில் பெஞ்ச் ஆடியது.

அதற்குத் தண்டனையாகத்தான் என்னைக் கூப்பிட்டுப் பொம்மையை என் கையில் கொடுத்தார். முன்கையில் குப்புறப் படுக்க வை, தலை நெஞ்சைவிடத் தாழ இருக்கட்டும், தாடையைப் பிடி, தொண்டையை அழுத்தாதே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து தடவை தட்டு, வரவில்லையா, திருப்பி மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து தடவை அழுத்து, மறுபடியும் குப்புறப் போடு. ஒரு வயசுக்குள் இருக்கிற குழந்தைக்கு இப்படி என்றார். நான் பூ மாதிரித் தட்டினேன். இது கொசு அடிக்கிற அடி என்று சொல்லி, திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், அவர் விடவில்லை.

இன்னொன்றும் சொன்னார். தலையில் தட்டினால் தலைதான் வலிக்கும், தொண்டைக்கு ஒன்றும் ஆகாது. இருமுகிற குழந்தையை இரும விடுங்கள், 'சத்தம் வந்தா மூச்சு போய்க்கினு வந்துக்கினு இருக்குன்னு அர்த்தம், சத்தமே வரலன்னாதான் ஆபத்து' என்றார். இவ்வளவையும் கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறியதும் நீ இருமினாய், நான் உன் தலையில் தட்டினேன். பாடம் படித்த லட்சணம் அவ்வளவுதான். அந்த பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்த நம்மை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என்ன கவலை இருந்தது நமக்கு?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

உன் லீவுக்காக ஞானஸ்நானத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். மூன்றாவது தடவை உன் கம்பெனியில் ஷட்டவுன் வேலை, மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கிறோம், லீவு கிடையாது என்றார்கள். சர்ச் ஐயர், பிள்ளை தானே நடந்து வந்து ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வான் போலிருக்கிறது என்று கிண்டல் பண்ணினார். அதனால் நீ இல்லாமலே நடத்தினோம். சர்ச்சிலிருந்து வந்ததும் ஹாலில் தண்ணீர்க் குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்தோம், நீ எல்லோரையும் பார்க்கட்டும் என்று. நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கேம்ப் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு அந்த எண்ணெய்த் தலையைப் பார்த்ததும் அழுகை வந்தது, பிரியாணி அண்டாவைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

நான் திரும்பி ஹாலுக்கு வந்தபோது சின்னு அண்ணி மடியில் இருந்தான். பழத் தட்டிலிருந்து அண்ணி ஒரு பச்சைத் திராட்சையை எடுத்து, தோலை உரித்து, அவன் வாயில் வைத்தார்கள். கொட்டை இல்லாத திராட்சை என்று விசாரித்து வாங்கியது. கொட்டை சிக்கும், தோல் ஒட்டும் என்று அவ்வளவு யோசித்தவர்கள், பழம் முழுசாக இருக்கிறதே என்று யோசிக்கவில்லை. அண்ணி மட்டும் இல்லை, அந்த ஹாலில் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனை பேர் இருந்தோம், ஒருத்தியும் யோசிக்கவில்லை. தோல் உரித்த திராட்சை எவ்வளவு வழுக்கும் என்று இப்போது விரலில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஒரே ஒரு தடவை இருமினான். அண்ணி உடனே அவன் தலையில் தட்டி, 'அப்பா நெனக்கிறாரு, அப்பா நெனக்கிறாரு' என்றார்கள். நீ போனிலிருந்து, 'நான்தான்டா, உங்கப்பன்தான்டா நெனச்சேன்' என்று கத்தினாய். ஹாலே சிரித்தது. நானும் பிரியாணித் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கேன்டீன் ஞாபகம் வந்து உன்னைப் பார்த்துத்தான் சிரித்தேன். நம் கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சின்னுவைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. அழுகிற முகம், ஆனால் சத்தம் இல்லை. அண்ணி இன்னும் தட்டிக்கொண்டே இருந்தார்கள், எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவன் கண் மட்டும் என்னைத் தேடியது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். குடம் என் காலில் பட்டுச் சாய்ந்தது, போன் விழுந்தது. உனக்கு அதற்கப்புறம் ஃபேன்தான்.

ஃபேனுக்குக் கீழே, பென்னி, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வாயில் ஊற்றப் போனாள். ஒருவர் விரலை விட்டு எடுக்கப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தேடினால் இன்னும் உள்ளேதான் போகும், நான் கையைத் தட்டிவிட்டேன். ஹவுஸ் ஓனர் ஆதிகேசவன் சார், 'கால புடிச்சி தலகீழா தூக்கும்மா' என்றார், நீ பொம்மையைத் தூக்கின மாதிரியே. 108க்குப் போன் பண்ணுங்கள் சார் என்று மட்டும் அவரிடம் கத்தினேன். அவரும் உடனே பண்ணினார், அந்த மனுஷனுக்கு நான் நன்றியாக இருப்பேன்.

நாற்காலியில் உட்கார்ந்து அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். பூ மாதிரித் தட்டவில்லை. 'இன்னாடி பண்ற, புள்ளைய அடிச்சே கொன்னுடுவியா' என்று அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நீ கேட்டாயே, அந்தக் கூச்சல் அதுதான். நடுவில் தப் தப்பென்று சத்தம் கேட்டிருக்கும். அது யாரும் விழுந்ததும் இல்லை, எதுவும் உடைந்ததும் இல்லை. அது என் கை.

ஒன்றும் வரவில்லை. திருப்பினேன், நெஞ்சில் அழுத்தினேன். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை, ஜெபம்கூட வரவில்லை. கை மட்டும் நந்தினி மேடம் செய்ய வைத்ததை அது பாட்டுக்குச் செய்தது. மறுபடி குப்புறப் போட்டுத் தட்டியபோது திராட்சை அண்ணி காலடியில் விழுந்தது, வைத்தது வைத்தபடி, முழுசாக. ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் அழுதான்.

அந்த அழுகையை நீ கேட்டிருக்க வேண்டும். அதற்குள் போன் கட் ஆகிவிட்டது. நான் பிறகு உனக்கு 'சின்னு ஓகே' என்று இரண்டு வார்த்தை அனுப்பினேன், அவ்வளவுதான் உனக்குக் கிடைத்தது. ஆம்புலன்சில் பொன்னேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார். வெளியே வந்துவிட்டாலும் கொண்டுவந்து காட்டியது சரி என்றார். சின்னு அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ இப்படி ஆகியிருக்க மாட்டாயோ என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

நீ நினைத்ததால்தான் ஆச்சு என்று சொன்னாயாமே. அப்படிப் பார்த்தால் அவன் பிறந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவே முடியாதே, நீ நினைக்காத நேரம் எது? நான் நினைக்கிற நினைப்புக்கு நீயும் அங்கே ஒரு வாய் சோறு நிம்மதியாக இறக்க முடியாது. திராட்சை முழுசாக இருந்தது, அவனுக்குத் தொண்டை சின்னது. அவ்வளவுதான் பென்னி. உன் பாவமும் இல்லை, அண்ணி பாவமும் இல்லை. தெரியாமல் நடந்தது, இப்போது தெரியும்.

எனக்கு உன்னைப் பற்றித்தான் பயம். நீ போனில் என்னைத் திட்டியிருந்தால், பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லையா என்று கத்தியிருந்தால், நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாளில் சரியாகியிருக்கும். நீ சத்தமே போடவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, சின்னு ஓகேவா, அவ்வளவுதான். உனக்கு உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, முதுகில் தட்ட எனக்குக் கை எட்டவில்லை.

வீட்டு விஷயம் சொல்கிறேன். அண்ணி ஒரு வாரம் அவனைத் தொடவே பயந்தார்கள். நான் ஷிப்டுக்குப் போனால் அவனைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான், எப்படி விடுவது? நந்தினி மேடமும் இப்போது தேர்வாய் கண்டிகையில் என் கம்பெனிக்கே வந்துவிட்டார், அவரிடம் கேட்டு அந்தக் குழந்தை பொம்மையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வந்தேன். சர்ச் முடிந்து நம் ஹாலில் எல்லோரும் செய்து பார்த்தார்கள். அண்ணி முதலில் அழுதார்கள், அப்புறம் நான் அடித்ததைவிடப் பலமாக அடித்தார்கள். ஆதிகேசவன் சார் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தட்டினார். சின்னு அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மாட்டேன் என்று ஒரே பேஜார் பண்ணினான். அதை மடியில் போட்டு அவனும் முதுகில் தட்டுகிறான். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு, அண்ணிக்கு மட்டும் கண்ணில் தண்ணீர்.

இப்போது அண்ணி பெரிய போலீஸ் ஆகிவிட்டார்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுகிறார்கள். மிக்சர், வேர்க்கடலை, பொட்டுக்கடலை எதுவும் அவன் கை எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் தரையில் மண்டி போட்டு, பட்டன், ரிமோட் பேட்டரி, உடைந்த பலூன் என்று தேடி எடுக்கிறார்கள். உட்கார வைத்துத்தான் சாப்பாடு, தவழ்ந்துகொண்டு சாப்பிடக் கூடாது, அவன் சாப்பிடும்போது யாரும் சிரிப்புக் காட்டக் கூடாது. முந்தாநாள் கேபிள்காரர் அவனைப் பார்த்து முகத்தைக் கோணிச் சிரிக்க வைத்தார் என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் கஞ்சி மட்டும் என்று நீ சொன்னதை நான் கேட்கப் போவதில்லை. டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். அவன் மெல்லப் பழக வேண்டுமாம், மெத்தென்று இருப்பதைச் சின்னச் சின்னதாகக் கொடுத்தால் போதுமாம். இட்லி தின்கிறான், பருப்பு சாதம் தின்கிறான், முள் இல்லாமல் உதிர்த்த மீன் தின்கிறான். மீன் என்றால் உன்னைப் போலவே இரண்டு கையையும் நீட்டுகிறான். நீ பயப்படுகிறாய் என்பதற்காக அவன் வளராமல் இருக்க முடியாது.

இப்போது நான் கேட்கிறதைக் கேள். லீவை விட்டுக் கொடுத்த ஆளிடம் போய்த் திருப்பிக் கேள். வெட்கமாக இருந்தால் ஷாஹுல் அண்ணன் கேட்பார், சொல்லியிருக்கிறேன். உன் சைட்டில் சேஃப்டி ஆபீசர் இருப்பாரே, அவரிடம் குழந்தைக்குச் செய்கிறதையும் ஒரு வயசு தாண்டின பிள்ளைக்குச் செய்கிறதையும் காட்டச் சொல். கிறிஸ்மஸுக்கு நீ வரும்போது சின்னுவுக்கு ஒரு வயசு ஆகியிருக்கும், அப்போது முறை கொஞ்சம் மாறுமாம். வயிற்றில் அழுத்த வேண்டுமாம், எப்படி என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நானும் நந்தினி மேடத்திடம் மறுபடி படிக்கிறேன். நீயும் படித்துவிட்டு வா.

அதற்கு முன்னால் இந்த வெள்ளிக்கிழமை. உனக்கு லீவு நாள். நான் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து அவனுக்குச் சாதம் ஊட்டும் நேரம் உனக்குத் தெரியும். வீடியோவில் வா. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும். போனை அண்ணி கையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். கம்பெனியில்கூட கை தட்டினார்கள். ஆனால் தினமும் சாதத்தைப் பிசைந்து அவன் வாய் அருகே கொண்டுபோன பிறகும் திரும்ப எடுத்து, கட்டி இருக்கிறதா என்று மறுபடி நசுக்கிப் பார்க்கிறேன். அண்ணிக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவன் விழுங்குகிற வரைக்கும் நானும் மூச்சு விடுவதில்லை. உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்து நீ அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறாய். எனக்கு ஒளிய இடம் இல்லை. அவனுக்குப் பசிக்கிறது, நான் ஊட்டத்தான் வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை.

வா பென்னி. தனியாக ஊட்ட எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
ஏஞ்சல்